பட்டில் போட்ட வெந்நீர்

செவிலிமேட்டு வீட்டு மொட்டை மாடியில் சோளம் சுட வேண்டுமென்று, போன வாரம் என் மகன் நெருப்புப் பற்றவைக்கும் கட்டிகளை ஆன்லைனில் வரவழைத்தான். அழகான அட்டைப்பெட்டி. ‘இயற்கைப் பொருட்களால் ஆனது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். தேங்காய் நாரும் மெழுகும். இதற்காகப் போய் ஒரு கூரியர்காரர் மழையில் நனைந்து வந்திருக்கிறார், நீங்களே சொல்லுங்கள்.

அந்த வாசனை என்னை மாகறலில் கொண்டுபோய் விட்டது. அங்கேதான் நான் பிறந்த வீடு, விவசாயக் குடும்பம். எதையும் எறிய மாட்டோம். காலித் தீப்பெட்டியில் தேங்காய் நாரைப் பிய்த்து அடைத்து, வேர்க்கடலைத் தோலை நொறுக்கித் தூவி, கரண்ட் போன ராத்திரிகளில் மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கி ஊற்றுவேன். ஆறினால் கட்டி. ஈர விறகுகூடப் பற்றிக்கொள்ளும். சமையலில் எனக்குப் பெரிய பேர் கிடையாது. சாம்பார் வைத்தால் ரசமா என்று கேட்பார்கள். காஞ்சிபுரத்தில் பட்டுத் தறி வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, கூடவே கொண்டுவந்த வித்தை இது ஒன்றுதான்.

மாமியார் வாய் சும்மா இருக்காது. “மாகறல்ல பொண்ணு எடுத்தோம், தீக்குச்சி மிச்சமாவுது” என்று எதிர்வீட்டில் சொல்லிச் சிரிப்பார். ஆனாலும் பின்கட்டில் விறகு போட்டு வெந்நீர் காய்ச்சும் செம்பு பாய்லரை என் பொறுப்பில் விட்டிருந்தார். அந்த வீட்டில் எனக்கென்று கிடைத்த முதல் அதிகாரம். மந்திரி பதவி கிடைத்ததுபோல் நடந்துகொண்டேன்.

அடுத்த வருஷம் நாத்தனாருக்குத் தலைதீபாவளி. ஐப்பசி மழையில் விறகெல்லாம் ஈரம். புது மாப்பிள்ளைக்குச் சாதாரணக் கட்டி போதுமா? தறிக்குக் கீழே கூட்டிக் குவித்திருந்த பட்டு நூல் கழிவு கண்ணில் பட்டது. மெத்தென்று, நாலு நிறத்தில். பஞ்சே அப்படிப் பற்றும்போது பட்டு எப்படிப் பற்றும் என்று, நாருக்குப் பதில் அதையே அடைத்தேன். அந்த மாதம் கரண்ட் ஒழுங்காக இருந்ததால் மெழுகும் இல்லை.

விடியலில் மாப்பிள்ளை தலை நிறைய எண்ணெயோடு பலகையில் உட்கார்ந்திருந்தார். நான் பாய்லரில் கட்டியைப் போட்டுக் கொளுத்தினேன். அட்டை எரிந்தது. நூல் சுருண்டது, கறுத்தது, அணைந்தது. இன்னொன்றும் அப்படியே. பின்கட்டு முழுக்க முடி பொசுங்கும் நாற்றம். மாப்பிள்ளை தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அவரும் தறி வீட்டுப் பிள்ளை. சட்டென்று புரிந்துவிட்டது. “இன்னாக்கா, பட்டப் போட்டா வெந்நி காய வெக்கிறீங்க?” என்று சத்தமாகச் சிரித்தார். நல்ல பட்டு தீயில் பற்றாது, பொசுங்கி முடி வாசனைதான் வரும் என்று தறி வீட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியுமாம். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. அவமானத்தில் கண் கலங்கிவிட்டது. பாய்லர் என் கையை விட்டுப் போச்சு என்றே நினைத்தேன்.

மாமியார் வந்தார். மூக்கை உறிஞ்சினார். “ஆமா மாப்ளே, எங்க மருமவ உங்களுக்குப் பட்டுலதான் வெந்நி போடுவா. உங்க வீட்டுல வெறும் விறகுதானே?” என்றார்.

மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பியதும் மாமியார் என் கையில் ஓர் எண்ணெய்த் துணியைத் திணித்தார். “அழுதுக்கினு நிக்காதமா. இத்த வெச்சிக் கொளுத்து.” தீக்குச்சியை மட்டும் என்னிடமிருந்து வாங்கவில்லை.

அதற்காக என்னைச் சும்மா விட்டாரா? வீட்டுக்குப் பட்டு நூல் வந்து இறங்கும்போதெல்லாம், “அவ கண்ணுல காட்டாதீங்கபா, மாப்ள குளிக்க வந்துடப் போறாரு” என்பார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். உள்ளுக்குள் பிடித்திருந்தது.

பாய்லரைப் பழைய பாத்திரக் கடையில் போட்டாயிற்று. மாமியாரும் காலமாகிவிட்டார். வெந்நீருக்கு இப்போது சுவிட்ச் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். நாலு பேர் முன்னால் என்னை விட்டுக்கொடுக்காமல், அவர்கள் போனதும் வாய் ஓயாமல் கேலி செய்யத்தான் ஆள் இல்லை.