ஓட்டோடு போன புளி

என் கணவர் இறந்தது மாசி மாதம். மரத்தை உலுக்க ஆள் சொல்லிவிட்டு வந்தவர், மார் வலிக்கிறது என்று படுத்தார். ஜீப் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி எழுத இதற்கு மேல் எனக்கு ஒன்றும் இல்லை. மரங்களில் புளி பழுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் சாவு என்பதற்காக அது காத்திருக்குமா?

எங்கள் மலையில் புருஷனை இழந்தவள், காரியம் முடிந்த பிறகும் சில மாதங்கள் அடுத்தவர் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. நான் அடிவாரத்தில், சந்தவாசல் பக்கம் பிறந்தவள். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து இந்த ஊர்க் கட்டுப்பாடுகளோடு மல்லுக்கட்டியே பழகியவள். இதையும் மனசுக்குள் திட்டினேன், ஆனால் மீறவில்லை. உண்மையைச் சொன்னால், வெளியே போக முடியாதது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. வீட்டுக்குள் இருப்பதுதான் பயமாக இருந்தது. மகன் திருப்பூருக்கு வேலைக்குத் திரும்பிவிட்டான். மத்தியானத்தில் வீட்டுக்குள் ஒரு சத்தமும் இருக்காது. அந்தப் பொழுதை எப்படித் தள்ளுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

ஊர் ஆண்கள் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் மரங்களை உலுக்கி, புளியைக் கூடத்தில் கொண்டுவந்து கொட்டினார்கள். மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு அக்கா, எனக்கு ஓரகத்தி முறை, நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆளுக்கொரு கட்டை கையில். உட்கார்ந்து ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கொட்டையை எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். தினமும் வந்தார்கள். ஆறுதல் என்று ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. யார் வீட்டு ஆடு யார் சாமையில் மேய்ந்தது, எந்த மருமகள் கோபித்துக்கொண்டு செங்கத்துக்குப் போய்விட்டாள், இதே பேச்சு. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் பொழுது போனது.

இவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்ற நினைப்பு மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. வீடு வீடாகப் போய்ச் சொல்ல வழியில்லை. அப்போதுதான் என் தம்பி மலையேறி வந்தான். அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு யோசனை இருக்கும்.

"பஸ் நிக்கிற எடத்துல ஒரு பேனர் வெச்சுடலாங்க்கா. மாமா போட்டோவப் போட்டு, துக்கத்துல பங்கெடுத்த எல்லாருக்கும் நன்றின்னு. எங்க பக்கம் அப்படித்தான் பண்றாங்க."

"உசுரோட இருந்தப்பவே போட்டோ எடுக்க நிக்க மாட்டாரு உங்க மாமா. செத்தப்புறம் வெயில்ல கட்டி வைக்கணுமா? போடா, வேலையப் பாத்துகினு."

அவன் அசரவில்லை. கூடத்தில் கிடந்த புளியைப் பார்த்தான். "பாவம், அவங்களும் எத்தினி நாளைக்கு வந்து குந்துவாங்க? மீதிய ஓட்டோடவே கண்ணமங்கலத்துல போட்டுர்றேன். வெல கொஞ்சம் கொறையும், அவ்ளோதான்."

இது எனக்குப் பிடித்திருந்தது. அவர்கள் கையை ஓயவிடுவதுதான் நான் செய்யக்கூடிய மரியாதை என்று தோன்றியது. அன்று சாயங்காலமே புளி வண்டியேறிவிட்டது. கூடத்தைச் சாணி போட்டு மெழுகிவிட்டுப் பெருமையாகப் படுத்தேன்.

காலையில் கட்டையோடு வந்தவர்கள் வெறும் கூடத்தைப் பார்த்து நின்றுவிட்டார்கள்.

"புளி இன்னாச்சி?" என்றாள் ஓரகத்தி.

"வித்துட்டேங்க்கா. உங்களுக்கெல்லாம் எதுக்குச் செரமம்னு..."

"செரமம்னு யாரு சொன்னது?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு திரும்பிப் போய்விட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. நல்லது செய்தால் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போகிறார்களே, இதென்ன ஜனம் என்று முணுமுணுத்தேன். அடுப்பைப் பற்றவைத்தேன், அணைத்தேன். மெழுகின தரையை மறுபடி பெருக்கினேன். பெருக்க ஒன்றும் இல்லை. நாளையும் இப்படித்தான் இருக்கும், மறுநாளும் இப்படித்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. உதவிக்கு வந்தவர்களை, நன்றி என்று சொல்லி நானே அனுப்பி வைத்திருந்தேன்.

வெயில் ஏறும்போது ஓரகத்தி வந்தாள், தலையில் ஒரு மூட்டையோடு. கேட்காமல் கொள்ளாமல் கூடத்தின் நடுவில் அவிழ்த்துக் கொட்டினாள். ஓட்டோடு இருந்த புளி.

"எங்க வூட்டுது. உலுக்கி வெச்சது அப்படியே கெடக்குது. இங்க வந்து குந்திகினு இருந்ததுல அத்தத் தொடவே இல்ல."

பின்னாலேயே மற்றவர்களும் மூட்டையோடு வந்தார்கள். எல்லார் வீட்டிலும் அதே கதை.

"ஏங்க்கா முன்னாடியே சொல்லல?"

"நீ கேட்டியா?" என்றாள். "நீ எங்க வூட்டுக்கு வரக் கூடாது, சரி. புளி வரலாம் இல்ல? குந்து."

உட்கார்ந்தேன். ஆட்டுக்காரன் கதையை யாரோ ஆரம்பித்தார்கள். நான் ஓட்டைத் தட்டினேன், நாரை உரித்தேன். அவர் இறந்த அன்றுகூட எனக்குச் சரியாக அழ வரவில்லை. இப்போது நிற்கவில்லை. இரண்டு கையிலும் புளி அப்பியிருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை. ஓரகத்தி எட்டித் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "அப்புறம் அந்த ஆட்ட இன்னா பண்ணான்?" என்று அந்தப் பக்கம் திரும்பிக் கேட்டாள்.