தரைக்குள் ஓடிய சுடுதண்ணீர்

யோசப்பின் மன்னாரில் ஷெல் விழுவதைப் பார்த்தவள். இரவோடிரவாகப் படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவள். அந்தப் பயங்களெல்லாம் வந்தன, ஆளை உலுக்கின, போய்விட்டன. இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்தபிறகு, தொண்ணூற்றைந்தாம் ஆண்டு தை மாதத்தில் பிடித்த பயம் மட்டும் போகவில்லை.

அப்போது அவளும் கணவன் அகஸ்ரினும் ஐந்து வயது மகள் அனிற்றாவும் கபோச் சந்தைக்குப் பின்னால் ஒற்றை அறையொன்றில் இருந்தார்கள். சுவரெல்லாம் ஈரம். பலெர்மோ வெயில் ஊர்தான். ஆனாலும் பனிக்காலத்தில் அந்தப் பழைய கல்வீடுகளுக்குள் வெளியை விடக் குளிராக இருக்கும். வீட்டைச் சூடாக்க அவர்களிடம் இருந்தது ஒரு ஸ்தூபா. உள்ளே காஸ் சிலிண்டர் வைத்து, முன்பக்கம் சிவப்பாக எரியும் அடுப்பு. அதைச் சில்லில் உருட்டி, ஆள் இருக்கும் பக்கம் கொண்டுபோகலாம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, சரியான மழை. லிபெர்த்தா வீதியில் அவள் வேலை செய்யும் வீட்டில் விருந்தாட்கள் வந்திருந்ததால் பூசை முடிந்த கையோடு அங்கே போய்விட்டாள். மாடிப்படி கழுவும் வேலைக்குப் போகிற அகஸ்ரினுக்கு அன்று ஓய்வு. பிள்ளையோடு வீட்டில் நின்றான். பின்னேரம் அவள் திரும்பி வந்து கதவைத் தட்டினாள். சத்தமில்லை. திறப்பைப் போட்டுத் திறந்தாள்.

அறை நல்ல கணகணப்பாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பிறகு மறக்கவே முடியாமல் போனது. நனைந்த உடம்போடு உள்ளே வந்த அந்தக் கணத்தில், 'அப்பாடா' என்று மனம் சொன்னது. அனிற்றா கட்டிலில் கிடந்தாள், கன்னமிரண்டும் சிவந்து. அகஸ்ரின் கட்டிலோடு சாய்ந்து நிலத்தில் இருந்தான். வாந்தியெடுத்திருந்தான்.

"என்னப்பா? என்ன செய்யுது உங்களுக்கு?"

கண்ணைத் திறந்தான், ஆனால் அவளைப் பார்க்கவில்லை. பிள்ளையைத் தூக்கினாள். தலை பின்னுக்குத் தொங்கியது. யோசப்பின் குழறிய குழறலில் கீழ்வீட்டு நுன்சியா ஓடி வந்தாள். வாசலில் நின்று ஒருமுறைதான் பார்த்தாள்.

"லா ஸ்தூபா! வெளியே கொண்டுபோ! பிள்ளையை வெளியே கொண்டுபோ!"

பால்கனிக் கதவு திறக்கவில்லை. குளிர் வராமலிருக்க அகஸ்ரின் அதன் இடுக்கெல்லாம் பழைய பேப்பர் திணித்து வைத்திருந்தான். நுன்சியா கதிரையால் கண்ணாடியை உடைத்தாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் மூக்கில் ஒட்சிசன் பிடித்தார்கள். மறுநாள் அனிற்றா எழுந்திருந்து பால் கேட்டாள். அகஸ்ரினுக்குத் தலையிடி மட்டும் கனநாள் நின்றது. டொக்ரர் இளம் பெண். ஆறுதலாகத்தான் சொன்னாள்: "மூடின அறையில் ஸ்தூபா எரிந்தால் ஒரு நச்சு வாயு வரும். அதுக்கு மணமில்லை, நிறமில்லை. தூக்கம் வருவதுபோல வரும். இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால்..."

ஸ்தூபாவை யோசப்பின் அன்றைக்கே தெருவில் கொண்டுபோய் வைத்தாள். அதற்குப் பிறகு அந்த அறையில் சோறு வடிக்கக்கூட சன்னலைத் திறந்து வைத்துத்தான் அடுப்பு மூட்டினாள். மழைச்சாரல் பாய்க்கு அடித்தது. சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்தது. அனிற்றாவுக்கு இருமல் பிடித்து நெஞ்சு கரகரத்தது. "பிள்ளையைக் குளிரிலை கொல்லப்போறியே?" என்று அகஸ்ரின் ஒருநாள் கத்தினான். அவள் சன்னலை மூடவில்லை. பிள்ளை தூங்கினால் போதும், பக்கத்தில் போய் மூக்குக்கு நேரே விரலைப் பிடித்துப் பார்ப்பாள். பகலிலும்தான்.

வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவின், அதாவது எசமானியின், பெயர் மிம்மா. அறுபதை எட்டவில்லை. நீரிழிவு முற்றி முழங்காலுக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஊன்றுகோலோடு நடப்பாள், ஆனால் காலில் செருப்பு கழன்றதுகூடத் தெரியாது. யோசப்பின் என்ற பெயரை ஜுசெப்பினாவாக்கி, அதையும் சுருக்கிப் பினா என்றே கூப்பிடுவாள்.

அடுத்த வருடப் பனிக்காலத்தில் ஒருநாள் யோசப்பின் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றபோது மணமொன்று வந்தது. மயிர் பொசுங்கும் மணம் மாதிரி. ஓடிப்போய்ப் பார்த்தால், சிஞ்ஞோரா ரெலிவிசன் முன்னால் சிரித்துக்கொண்டு இருக்கிறாள். அவளுடைய வலது பாதம் மின்சார ஹீற்றரின் கம்பியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. காலுறை உருகிவிட்டது.

"என்ன பினா, ஏன் இப்படிப் பார்க்கிறாய்?" என்று கேட்டாள் சிஞ்ஞோரா. அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. யோசப்பின் அந்தக் காலைக் கம்பியிலிருந்து பிரித்துக் கையில் ஏந்தினாள்.

புண் ஆறப் பல மாதம் எடுத்தது. காலை எடுக்கவேண்டி வருமோ என்றுகூடக் கதைத்தார்கள். சிஞ்ஞோராவின் மகன் வீத்தோ வந்தான். குளியலறைக் குழாய்கள் உக்கிப்போய், எப்படியும் வீட்டுத் தரையைக் கிளறவேண்டியிருந்தது. "கிளறுகிறதுதானே, தரைக்குள்ளேயே சூட்டை வைத்துவிடுவோம்" என்றான். "அம்மா தொடக்கூடியதாக, சுடக்கூடியதாக இந்த வீட்டில் இனி ஒரு பொருளும் இருக்கக்கூடாது."

எதிர்வீட்டுக்காரி வந்து பயமுறுத்தினாள். அறுபதுகளில் தன் தமக்கை வீட்டில் அப்படித்தான் போட்டார்களாம், கால் வீங்கிப் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டதாம். சிஞ்ஞோரா கலங்கிப்போனாள். யோசப்பினுக்கோ வேறு யோசனை. கண்ணுக்குத் தெரியாத சூடு. அவள் அறிந்த மட்டில் கண்ணுக்குத் தெரியாமல் வருவது ஆளைக் கொல்லத்தான் வரும்.

தொத்தோ என்ற குழாய் வேலைக்காரன் வந்தான். பருத்த மனிதன், எந்நேரமும் வாயில் பெருஞ்சீரகம். எந்தப் பெண்ணையும் சிஞ்ஞோரா என்றே கூப்பிடுவான். பழைய தரையைப் பெயர்த்தெடுத்து, சூடு கீழ்வீட்டுக்கு இறங்காமலிருக்கத் தடித்த நுரைப்பலகை பரப்பினான். அதன்மேல் பிளாஸ்ரிக் குழாயை நுளம்புச்சுருள் மாதிரி வட்டம் வட்டமாக வளைத்து அறை முழுக்க ஓட்டினான்.

"இதுக்குள்ளை காஸா போகும்?" யோசப்பின் வாசலுக்கு வெளியே நின்றே கேட்டாள்.

"தண்ணி, சிஞ்ஞோரா. வெறும் தண்ணி. குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு. அந்தக் காலத்தில் கொதிக்கக் கொதிக்க விட்டார்கள், அதுதான் கால் வீங்கியது. இப்போது தரை உங்கள் கையை விடச் சூடாகாது. ஹீற்றர் ஒரு மூலையில் நின்று சுடும், மற்ற மூலை விறைக்கும். இது அப்படியில்லை. அறை முழுக்க ஒரே மாதிரி, காலிலிருந்து மேலே."

"அப்ப நெருப்பு எங்கை?"

பின்பக்கப் பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே ஒரு தகர அலுமாரிக்குள் கல்தாயா, தண்ணீரைச் சூடாக்கும் பெட்டி, இருந்தது. அதன் புகைக்குழாய் வானத்தைப் பார்த்து நின்றது. "நெருப்பு இங்கே. வீட்டுக்குள் ஒரு பொறிகூட இல்லை."

"குழாய் வெடிச்சா?"

தொத்தோ சிரிக்கவில்லை. குழாய் முழுக்கத் தண்ணீரை அமுக்கி நிரப்பி, அமுக்கமானியைக் காட்டினான். "இந்த முள் விழுந்தால் எங்கோ ஓட்டை. நாளைக்கும் நீங்களே வந்து பாருங்கள்." அவள் பார்த்தாள். முள் அசையவில்லை. அதன் பிறகே மேலே சீமெந்துச் சாந்து ஊற்றி, காயவிட்டு, ஓடு பதித்தார்கள். போகும்போது, "தடித்த கம்பளம் விரிக்காதீர்கள், தரையில் துளை போடாதீர்கள்" என்றான் தொத்தோ. யோசப்பின் அன்றிலிருந்து சுவரில் ஆணி அடிக்கவும் விடவில்லை.

முதல்முதல் சூடு போட்டபோது காலையில் ஒன்றும் தெரியவில்லை. மத்தியானம் யோசப்பின் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தாள். குளிரில்லை, அவ்வளவுதான். பின்னேரம் வீடு முழுக்க, மேசைக்குக் கீழே, கதவுக்குப் பின்னால், குளியலறையில், எங்கும் அதே இதம். காற்று வரவில்லை, தூசி கிளம்பவில்லை, இரைச்சலில்லை. அவளுக்கு நெஞ்சு அடித்தது. எல்லாம் நல்லாய் இருந்தபடியால்தான் அடித்தது. சிஞ்ஞோராவுக்குத் தெரியாமல் சன்னலொன்றை விரலளவு திறந்துவிட்டாள்.

மாசி மாதம் அனிற்றாவுக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பமுடியாது. பார்த்துக்கொள்ளவும் ஆளில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தாலும் வேலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். சிஞ்ஞோரா சந்தோஷப்பட்டாள். பிள்ளை சிஞ்ஞோராவின் கதிரைக்குப் பக்கத்தில் மெல்லிய விரிப்பொன்றில் படுத்து, கதை கேட்டுக்கொண்டிருந்தாள். யோசப்பின் குசினிக்குப் போய் உடுப்பு மினுக்கினாள். இரண்டு பேரும் கதைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. பிறகு கேட்கவில்லை.

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தாள்.

அறை கணகணவென்று இருந்தது. சிஞ்ஞோராவின் தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது, வாய் திறந்து. அனிற்றா நிலத்தில் கையைக் காலை எறிந்துவிட்டுக் கிடந்தாள். கன்னமிரண்டும் சிவப்பு.

பிறகு என்ன செய்தாள் என்று யோசப்பினுக்கே சரியாகத் தெரியாது. சன்னல் கதவுகளை அடித்துத் திறந்தாள். பிள்ளையை வாரியெடுத்துக்கொண்டு பால்கனிக்குப் பாய்ந்தாள். "என்ர மாதாவே! என்ர மாதாவே!" என்று அவள் குழறியது கீழே தெருவில் போனவர்களை அண்ணாந்து பார்க்க வைத்தது. பிள்ளையின் முகத்தில் தட்டினாள், உலுக்கினாள்.

"அம்மா! கே ஃபாய்? என்ன செய்யிறீங்கள்? குளிருது!" அனிற்றா அழத் தொடங்கினாள். நல்ல பலமான, கோபமான அழுகை. உள்ளே சிஞ்ஞோரா, "பினா! யார் செத்தது? பினா!" என்று கத்திக்கொண்டு ஊன்றுகோலைத் தேடினாள்.

ஒருவரும் சாகவில்லை. இரண்டு பேரும் கதையின் நடுவில் நித்திரையாகிப் போனார்கள். காய்ச்சல் பிள்ளைக்குக் கன்னம் சிவக்கும்தானே.

யோசப்பின் பால்கனி நிலத்திலேயே இருந்துவிட்டாள். சிஞ்ஞோரா தட்டுத்தடுமாறி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் கபோவில் நடந்ததை யோசப்பின் சொன்னாள். வேலை போய்விடும், கவனமில்லாத குடும்பம் என்று நினைப்பார்கள் என்று அதுவரை அந்த வீட்டில் அவள் வாய் திறக்கவில்லை.

சிஞ்ஞோரா கேட்டு முடித்துவிட்டு, "உள்ளே வா. பிள்ளைக்கு ஈரக்காற்று கூடாது" என்றாள். பிறகு தன் காலைக் காட்டினாள். "எனக்கு இது இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது, பினா. காலையில் எழும்பினதும் போர்வையைத் தூக்கிப் பார்ப்பேன், இரவில் ஏதாவது எரிந்துபோயிருக்குமோ என்று. இந்தத் தரை வந்த பிறகும் பார்க்கிறேன். உன் பயத்தை விடு என்று நான் எப்படிச் சொல்வது?"

கொஞ்ச நேரம் கழித்து, "பின்னறை சும்மா கிடக்கிறது" என்றாள். "மூன்று பேரும் வாருங்கள்."

அகஸ்ரினுக்கு அது பிடிக்கவில்லை. "வேலை செய்யிற வீட்டிலை குடியிருந்தா எந்த நேரமும் வேலைதான். கூப்பிட்ட குரலுக்கு ஓடவேணும்."

"ஓம், ஓடுறன்" என்றாள் யோசப்பின். "ஆனா என்னாலை இந்த அறையிலை இனி மூச்சு விடேலாது. நீங்கள் அண்டைக்கு உங்களைப் பாக்கேல்லை. நான் பாத்தனான்."

உயிர்த்த ஞாயிறுக்கு முன்னம் சாமான்களைக் கட்டினார்கள்.

அகஸ்ரின் சொன்னது பொய்யில்லை. கூப்பிட்ட குரலுக்கெல்லாம் ஓடவேண்டியிருந்தது. ஆனால் அடுத்த பனிக்காலம் அனிற்றாவின் நெஞ்சு கரகரக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து வெறுந்தரையில் வயிறு பதியப் படுத்துக்கொண்டுதான் வீட்டுப்பாடம் செய்வாள். சிஞ்ஞோராவின் காலில் புதுப்புண் வரவில்லை, வீங்கவுமில்லை. எதிர்வீட்டுக்காரி வந்து தன் காலையும் வைத்துப் பார்த்துவிட்டுப் போனாள். கழுவிய நிலம் தானாகவே காய்ந்தது. மூலைகளில் பூஞ்சணம் இல்லை.

தொண்ணூற்றெட்டில் ஒரு புயல்நாள் மின்சாரம் நின்று கல்தாயாவும் நின்றுவிட்டது. அகஸ்ரின் யாரோ கூட்டாளியிடம் காஸ் ஸ்தூபா இரவல் வாங்கித் தோளில் சுமந்துகொண்டு படியேறி வந்தான். யோசப்பின் வாசற்படியில் குறுக்கே நின்றாள்.

"உந்த ஸ்தூபாவைக் கீழை கொண்டுபோங்கோ."

"எடியே, சன்னலைத் திறந்துபோட்டு..."

"கீழை கொண்டுபோங்கோ எண்டுறன்."

உள்ளேயிருந்து அனிற்றா, "அப்பா, நிலம் இன்னும் ஆறேல்லை!" என்று கத்தினாள். உண்மைதான். காலையில் நின்ற கல்தாயாவின் சூடு சீமெந்துக்குள் பின்னேரம் வரையும் கிடந்தது. அகஸ்ரின் ஸ்தூபாவை வாசலில் விட்டுவிட்டுக் கையை நிலத்தில் வைத்துப் பார்த்தான். பிறகு மறுபடியும் அதைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனான். மின்சாரம் பொழுதுபட வந்தது.

வருடாவருடம் புரட்டாதியில் தொத்தோவை வரவழைத்துப் புகைக்குழாயைத் துப்புரவாக்குவிப்பாள் யோசப்பின். அவன் வேலை முடியும்வரை பக்கத்திலேயே நிற்பாள், கைக்கண்ணாடியைக் குழாய்க்குள் விட்டுத் தானும் பார்ப்பாள். "என்னை நம்பமாட்டீர்களா, சிஞ்ஞோரா?" என்று அவன் கேட்பான். "நம்புறன்" என்பாள். "எண்டாலும் காட்டுங்கோ."