பொன்கட்டி வீடு

சங்கரனின் விரல் மூட்டில் இருந்த கட்டியைத் தொட்டால், ஊறவைத்த புளியங்கொட்டை ஒன்று தோலுக்கடியில் கிடப்பதுபோல வழுவழுவென்று கெட்டியாக இருக்கும். நிறம், பழுத்த வேப்பம்பழம். இரண்டு கைகளிலும் மூட்டுக்கு ஒன்று, முழங்கையிலும் குதிகாலுக்கு மேலும் கொத்தாக. எங்கள் தெருவில் அதற்குப் "பொன்கட்டி" என்று பெயர். எங்கள் ஊரான சங்கரன்கோவிலில் தோலில் எது வந்தாலும் புற்றுமண் பூசுவார்கள். இதற்கு மட்டும் யாரும் பூசவில்லை. வீடு தேடி வந்த செல்வத்தை யாராவது பூசிக் குணப்படுத்துவார்களா?

அவன் என் வகுப்பு. அவன் அப்பா நூல்கடை அண்ணாச்சி. எங்கள் வீட்டுத் தறி உட்பட பாதித் தெருவின் தறிகளுக்கு அவர் கடை நூல்தான். அவருக்குக் கண்ணிமைகளின் உள்முனையில் மஞ்சள் திட்டு உண்டு, அவருடைய அப்பாவுக்கும் இருந்ததாம். அந்த வீட்டு ஆண்கள் ஐம்பது வயதைப் பார்த்ததில்லை. சோற்றுக்கு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார், கல்லாவில் இருந்தவர் அப்படியே சாய்ந்தார் என்பதுதான் குடும்ப வரலாறு. தெரு அதையும் பெருமையாகவே பேசியது: "ஒருத்தருக்கும் பாரமாக் கெடக்காம போற குடும்பம்லா." பொன் வெளியே போய்விடக் கூடாது என்று அண்ணாச்சி தன் அக்காள் மகள் ஆவுடையைக் கட்டினார். ஆவுடை அத்தைக்கும் இமையில் மஞ்சள் இருந்தது. அதைப் பார்த்துத்தான் நிச்சயம் செய்தார்கள். இரண்டு பக்கத்துப் பொன்னும் சேர்ந்ததில், சங்கரனுக்குப் பள்ளிக்கூடம் போகும் முன்பே கட்டி முளைத்துவிட்டது.

புதுக்கடை, புதுத்தறி, கிணற்று மோட்டார், எதுவானாலும் முதல் கை அவனுடையது. வாசுதேவநல்லூரிலிருந்துகூட ஆள் வந்து கூட்டிப்போவார்கள். கார் சவாரியும் பூந்தியும் கிடைப்பதால் அவனுக்கும் குஷிதான். ஆனால் நாங்கள் ஓடும்போது அவன் பாதியில் நின்றுவிடுவான். "நெஞ்சுல யாரோ ஏறி மிதிக்க மாதிரி இருக்குலே" என்பான். டிரில் வாத்தியார் அதற்குச் சோம்பல் என்று பெயரிட்டு, இன்னொரு சுற்று ஓடவிட்டார்.

பஸ் ஸ்டாண்டு அருகே கிளினிக் திறந்த வெளியூர் டாக்டரும், கட்டடச் சொந்தக்காரர் சொன்னதால், சங்கரனைத்தான் ரிப்பன் வெட்ட அழைத்தார். கத்தரிக்கோலைக் கொடுக்க வந்தவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல் இடுக்குகளை விரித்துப் பார்த்தார், குதிகாலைத் தடவினார், அண்ணாச்சியின் இமையைப் பார்த்தார், தாத்தா எந்த வயதில் இறந்தார் என்று கேட்டார்.

"இது கொழுப்புங்க. ரத்தத்துல மிஞ்சிப்போனது தோல்ல வந்து தெரியுது. இதயத்துலயும் இப்படித்தான் படிஞ்சிருக்கும். நாளைக்கே திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போங்க."

அண்ணாச்சி என் அப்பா பக்கம் திரும்பி, "எங்க வீட்டைப் பாத்துக் கொழுப்புங்காரு, வே" என்றார். கூட்டமே சிரித்தது.

ஆவுடை அத்தை மட்டும் சிரிக்கவில்லை. நான் நூல் வாங்கப் போயிருந்த ஒருநாள், "ஒரு தடவ ரத்தம் எடுத்துப் பாத்தா என்ன, வத்தியா போவும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனது தெரிந்தால் நாளைக்கு எவன் கூப்பிடுவான் என்றார் அண்ணாச்சி. பிற்காலத்தில் ஆய்வகத்தில் ரத்தம் பார்த்தே ஓய்வு பெற்றவன் என்ற முறையில் நான் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்குப் போயிருந்தாலும் அவன் பிழைத்திருப்பானா என்பது சந்தேகம்; அப்போது சரியான மருந்தே கிடையாது. ஆனால் அவர்கள் போகாததற்கு அது காரணமில்லை.

ராயகிரியில் ஒருவர் மாவு மில் வைத்தார். அன்று காலையிலிருந்தே சங்கரன் சாப்பிடவில்லை, வரமாட்டேன் என்றான். "ஒரு சுவிட்சுதான மக்கா, போட்டுட்டு வந்து படுத்துக்கோ" என்று அண்ணாச்சி அவனைத் தூக்கிக் காரில் உட்கார வைத்தார். துணைக்கு நான். சுவிட்சைப் போட்டான். மில் ஓடியது, எல்லாரும் கைதட்டினார்கள். மாவு விழும் தொட்டியருகே உட்கார்ந்தவன், பிறகு எழவில்லை.

மில்காரர் வெளிறிப்போய் நின்றார். சற்றுக் கழித்து அண்ணாச்சியை ஓரமாக அழைத்தார். "கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி. சுவிட்சைப் போடும்போது உசிரு இருந்துச்சுல்லா?"

"இருந்துச்சு" என்றார் அண்ணாச்சி.

மில்லை யாரும் நிறுத்தவில்லை.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்த பெரியவர்கள், சாப்பிட்டுக் கைகழுவிய பின், சங்கரனின் தங்கை கோமுவை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து இமையை விரித்துப் பார்த்தார்கள். லேசாக மஞ்சள் தட்டியிருந்தது. துக்க வீடு அப்போதுதான் முதன்முறையாகச் சிரித்தது. வயது வந்ததும் ஆவுடை அத்தையின் தம்பிக்கு என்று அங்கேயே பேசி முடித்தார்கள். அத்தையை யாரும் கேட்கவில்லை.

நூல்கடை இப்போது செல்போன் கடை. "பொன்கட்டி" என்று சொன்னால் தெருவில் எவருக்கும் புரியாது. போன மாதம் கோமுவின் பேரன் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்திருந்தான். பெண், மாமன் மகள்தானாம். தன் இமையில் ஏதோ மஞ்சளாக இருந்து போட்டோவில் அசிங்கமாகத் தெரிந்ததால், மதுரைக்குப் போய் லேசர் வைத்து எடுத்துவிட்டானாம். பெண்ணுக்கும் அதே இடத்தில் இருந்ததால், சேர்த்தே எடுத்ததில் தள்ளுபடியும் கிடைத்ததாம். ரத்தத்தில் கொழுப்பு பார்க்க எத்தனை மணி நேரம் பட்டினி இருக்க வேண்டும், எந்த நிற மூடிபோட்ட குழாயில் ரத்தம் எடுப்பார்கள், இருவரும் ஏன் கல்யாணத்துக்கு முன்பே பார்க்க வேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"எதுக்கு தாத்தா? அதான் சுத்தமாப் போயிட்டுல்லா" என்றான்.