நல்லெண்ணெயில் எழுதின முகம்

ரெண்டாவது உலகச் சண்டை நடந்த வருசங்க. எனக்கு நாடகப் படுதா எழுதுறது தொழில். கம்பத்துல இருந்து ஆண்டிபட்டி வரைக்கும் எந்த மேடையில அரண்மனை தொங்கினாலும் அது என் கைதான். பசைத்தண்ணியில கலந்த பொடி வர்ணம், தீட்டிட்டுத் திரும்புறதுக்குள்ள காஞ்சிரும். அந்தத் திமிர்லதான் எண்ணெய் வர்ணத்துல கை வச்சேன்.

என் கூட்டாளி ஏலத்தோட்டத்து வேலைக்குப் போயி, மலைக்காய்ச்சலோட கம்பத்துக்கு இறங்கி வந்திருந்தான். ஆளு பாதியாயிட்டான். பொஞ்சாதிக்கு அஞ்சு மாசம்.

"ஏலே, புள்ள மொகத்த நான் பாக்கப் போறதில்ல. அதுவாவது என் மொகத்தப் பாக்கட்டும். எழுதிக் குடுடா"ன்னான்.

போட்டோ எடுத்துருவோம்னேன்.

"அதுல இந்தப் பொண மூஞ்சிதான் விழும். நீ என் பழைய மூஞ்சிய எழுது."

உக்காந்தேன். எழவு, அவனப் பாத்து எழுதினா கன்னம் குழியாகுது. பாக்காம எழுதினா நாடகத்து ராசா வந்து நிக்கிறான். கூடவே வளந்த பய, அவன் கன்னம் எம்புட்டு அகலம்னு எனக்குத் தெரியல! ஒருநாள் குளிர் வந்து கட்டிலோட ஆடினான். "ஆடாம இருடா"ன்னு கத்திட்டேன், பாவி. அவன் பல்லக் கடிச்சுக்கிட்டு ஆடாம இருக்கப் பாத்தான்.

பாதியில, வர்ணம் குழைக்கிற ஆளிவிதை எண்ணெய் தீந்துபோச்சு. மதுரைக் கடையில, சரக்கு வரல, சண்டை முடியட்டும்னுட்டாக. எண்ணெய்னா எண்ணெய்தானே, நம்ம செக்குல ஆட்டின நல்லெண்ணெய்க்கு என்ன கொறச்சல்? ஊத்திக் கலந்தேன். தூரிகை என்னமா வழுக்கிக்கிட்டு ஓடுச்சு! அன்னைக்குத்தான் அவன் மூஞ்சி வந்துச்சு. சிரிப்ப அடக்குறப்ப வாய் ஒரு ஓரமாக் கோணுமே, அது அப்படியே வந்திருச்சு. அவன் தலையத் தூக்கிப் பாத்தான். "இது போதும்டா"ன்னான்.

ஆனா படம் காயல. மழை ஈரம்னு நெனச்சு ஒரு மாசம் பாத்தேன். வெயில்ல வச்சேன், அடுப்பங்கரையில வச்சேன். தொட்டா விரல்ல ஒட்டுது. நல்லெண்ணெய் காயவே காயாதுன்னு படுதா எழுதுறவனுக்கு யாரு சொல்லுவா? காஞ்சிருச்சான்னு அவன் கேட்டப்ப, காஞ்சிருச்சுன்னு பொய் சொன்னேன். அத நம்பியே கண்ண மூடினான்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் படத்தக் கேட்டாக. தொடாதீகன்னு சொல்லித்தான் குடுத்தேன், ஏன்னு சொல்லல. வெக்கம். நான் வாசல்ல பந்தியப் பாத்துக்கிட்டு நின்ன நேரம், அவனப் பெத்த ஆத்தா, செத்தவக படம்னா நெத்தியில சந்தனம் வைக்கணுமேன்னு, குழைச்ச சந்தனத்த அழுத்தி வச்சிருக்காக. புருவம் விரலோட வந்திருச்சு. பதறிப்போயி முந்தானையால தொடச்சிருக்காக.

சத்தங் கேட்டு உள்ள ஓடினேன். நெத்தியில இருந்து தாடை வரைக்கும் ஒரே சேறு.

"எம்புள்ள மூஞ்சிய நானே அழிச்சுப்புட்டேனே!"ன்னு மாருல அடிச்சுக்கிட்டாக.

தப்பு என் மேலதான் ஆத்தான்னு சொல்லியிருக்கணும். ஊரே நிக்குது, நான் பேர் போன எழுத்துக்காரன்ல? வாயத் தெறக்கல. அந்த மனுசி தன் கைதான் பாவம்னு நெனச்சுக்கிட்டே ரெண்டு வருசத்துல போய்ச் சேந்தாக.

மறுபடி எழுதிரலாம்னு எத்தனையோ தடவ உக்காந்து பாத்துட்டேன். காய்ச்சக்காரன்தான் வர்றான். அதுக்கு முந்தி இருந்தவன் எனக்கும் இல்லாமப் போயிட்டான்.

அவனுக்குப் பொம்பளப் புள்ள பொறந்துச்சு. நல்லாப் பேச்சு வந்த வயசுல ஒருநாள் என் வேட்டியப் புடிச்சு இழுத்து, "எங்கப்பா எப்படி இருப்பாக சித்தப்பா?"ன்னு கேட்டுச்சு.

"நல்லா இருப்பாக ஆத்தா"ன்னேன்.