வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பாட்டில்

எங்கள் அண்ணன் இல்லாமல் ஒரு வருடம் ஓடிவிட்டது. மன்னவனூரில் பிறந்தவர். அப்பா தவறியதும் பள்ளிக்கூடத்தை விட்டு, கொடைக்கானல் ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் கையோடு எங்களை ஆளாக்கினார். பிறகு ஒரு பழைய பெட்ரோல் ஜீப் வாங்கினார். பூண்டு மூட்டையும் அதில்தான், பிரசவத்துக்குப் போகிறவர்களும் அதில்தான்.

பெட்ரோலில் எத்தனால் கலந்து வரத் தொடங்கியதும் அண்ணனுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. "இது ஈரத்தைக் குடிக்கிற பெட்ரோலு தங்கச்சி. பாதி டேங்க் காலியாக் கெடந்தா, தண்ணி அடியில தங்கிரும்" என்பார். டேங்கை நிரப்பியே நிறுத்துவார். ஊறிப்போன ரப்பர் ஹோஸை மாற்றினார். தினமும் வெள்ளனே டேங்கின் அடிப் போல்ட்டைத் தளர்த்தி, கொஞ்சம் பாட்டிலில் பிடித்து, அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

"என்ன மாப்ளே, ஜீப்புக்கு சுகர் டெஸ்ட்டா?" என்பார் எதிர்வீட்டு முத்துச்சாமி மாமா.

எங்கள் ஊருக்குப் பங்க் தூரம். மருந்தடிக்கிற இஞ்சினுக்கு அண்ணனிடம் கைமாற்றாக வாங்கும் பெட்ரோலை, ஊரார் சொல்லாமல் கொள்ளாமல் டேங்கில் திருப்பி ஊற்றிவிட்டுப் போவது வழக்கம். மாமாவும் ஒருநாள், அண்ணன் பார்த்து முடித்த பிறகு ஊற்றியிருக்கிறார். மழைக்காலம் முழுக்க மூடி சரியில்லாமல் பூண்டு ஷெட்டில் கிடந்த கேன் அது.

அன்று மதியமே மாமா மகள் செல்விக்குப் பிரசவ வலி கண்டது. மாமாவும் நானும் கூட ஏற, அண்ணன் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு ஜீப்பை எடுத்தார். பூம்பாறை தாண்டி, மூடுபனிக்குள் ஜீப் இருமி நின்றது. போனில் டவர் இல்லை. செல்வி என் மணிக்கட்டை இறுக்கினாள்.

"வெரசா எடுங்க மாப்ளே!"

அண்ணன் டேங்கிலிருந்து பாட்டிலில் பிடித்தார். அடியில் கலங்கலாக ஒரு கோடு. மாமா முகம் செத்துவிட்டது. "காலையில நாந்தான் ஊத்துனேன்..."

"அந்தச் சோலி அப்புறம். இதப் புடிங்க."

சீட்டுக்குப் பின்னால் இறுக்கி மூடி வைத்திருந்த நல்ல பெட்ரோல் கேனை மாமா கையில் கொடுத்தார். அதிலிருந்து ஹோஸ் போட்டு நேராக இஞ்சினுக்கு இணைத்தார். வண்டி கிளம்பியது. கேன் உயரத்தில் இருந்தால்தான் பெட்ரோல் இறங்கும்; ஒவ்வொரு வளைவிலும் இஞ்சின் திணறும். "ஒசத்துங்க மாமா!" மாமா கேனை இன்னும் மேலே தூக்கிப் பிடிப்பார். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை அழுதது.

"ரெண்டு வார்த்த திட்டிருங்க மாப்ளே."

"திருப்பி டெஸ்ட் பண்ணாம செல்விய ஏத்துனது நாந்தானே மாமா" என்று அண்ணன் சிரித்தார்.

அண்ணன் படுக்கையில் விழுந்ததும், வெள்ளனே பாட்டிலைத் தூக்கிப் பார்த்தவர் மாமாதான். அண்ணனுக்கு மூச்சு இழுத்த அன்று, ஆஸ்பத்திரிக்கு அவரே ஜீப்பை எடுத்தார். அண்ணன் என் மடியில் தலை வைத்துக் கேட்டார்: "டெஸ்ட்டு?"

"பாத்தாச்சு மாப்ளே. சுத்தமா இருக்கு."

அண்ணன் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். நேரத்தோடு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்ததால், எங்களோடு பேச இன்னும் சில நாள் அவருக்குக் கிடைத்தது. பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும், செவிலியருக்கும், மழையில் நனைந்து வந்து நின்ற ஊராருக்கும், வழியில் எங்குமே வண்டியை நிற்க விடாத மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.