தோணித்துறைக் கல்யாணம்

றெஜிஸ்தார் ஐயாவின் தகரப் பெட்டியைத் திறந்தால் முதலில் கற்பூர வாசனை மூக்கில் ஏறும். அதற்கடியில் தடித்த விவாகப் பதிவேடு எண்ணெய்த் துணியில் சுற்றிக் கிடக்கும். அதன் பக்கத்தில் இரண்டு மைக்கூடுகள், ஒரு மஞ்சள் கிழங்கு, வெள்ளை நூல் உருண்டை, மடித்த தலைப்பாகை, கறுப்புக் கழுத்துப்பட்டி. சட்டம் கேட்டது பதிவேட்டையும் மையையும் மட்டும்தான். மற்றதெல்லாம் ஐயா தாமாகச் சேர்த்துக்கொண்டவை. அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுத்தராக இருந்த என்னை அவரோடு அனுப்பிய முதல் நாள், அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு, இவர் கல்யாணம் எழுதப் போகிறாரா, கூத்தாடப் போகிறாரா என்று நினைத்தேன்.

அப்போது எனக்கு முப்பது வயது. கண்டியைச் சுற்றியிருந்த மலைகளில் தேயிலை வந்திருக்கவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் கோப்பிதான். ஐயா யாழ்ப்பாணத்தார், மிஷன் பள்ளியில் படித்த வேதக்காரர், கனத்த உடம்புக்காரர். யாருடைய கல்யாணமாக இருந்தாலும் தம் வீட்டுக் கல்யாணம்போல முதல் நாளே சவரம் செய்துகொள்வார். ஒரே கிழமையில் நாங்கள் மூன்று விதமான கல்யாணங்களுக்குப் போனதுண்டு. நகரத்துப் பறங்கிக் குடும்பம் ஒன்றில் கழுத்துப்பட்டி கட்டி, வயலின் ஓயும்வரை விறைத்து நின்று, ஒரு துண்டு கேக்கைச் சட்டையில் சிந்தாமல் சாப்பிட்டார். இரண்டு நாள் கழித்து ஒரு சிங்கள வீட்டில், மணமக்கள் பொறுவை என்ற பலகை மேடையில் ஏறி நிற்க, மாமன்காரர் அவர்களுடைய சுண்டுவிரல்களை நூலால் சேர்த்துக் கட்டி நீர் வார்த்தார். ஐயா பாயில் சம்மணமிட்டு வெற்றிலை மென்றபடி தம் முறைக்குக் காத்திருந்தார். சனிக்கிழமை மலையுச்சித் தோட்டமொன்றில் கங்காணி மகளுக்குக் கல்யாணம். மல்லிகை வந்து சேராததால் பெண்கள் கோப்பிப் பூவைத் தொடுத்தார்கள். மழைக்குப் பிறகு மலை முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. வாசனையும் மல்லிகைக்குக் குறைந்ததல்ல. தலைப்பாகையோடு அமர்ந்திருந்த ஐயா, குலவைச் சத்தம் அடங்கும்வரை பேனாவைத் தொடவே இல்லை. நான் நேரமாகிறது என்று கிசுகிசுத்தால், "சட்டத்துக்கு ஒரு நிமிசம் காணும் தம்பி, சனத்துக்கு ஒரு நாள் வேணும்" என்பார்.

அவரோடு எழுதிய கல்யாணங்களில் ஒன்று மட்டும் இன்றும் அப்படியே கண்முன் நிற்கிறது. கண்டிப் பக்கத்துத் தோட்டமொன்றில் கோப்பிப் பழத்தின் தோலுரிக்கும் யந்திரங்களைப் பழுது பார்த்த ஆசாரி ஒருவர் இருந்தார். மகாவலிக்கு அப்பால், தெல்தெனியப் பாதையில் தோணி விட்டவரின் அக்காள் மகளை அவர் விரும்பினார். அவள் சிங்களப் பெண். தோணியில் ஏறி இறங்கிய தோட்டத்து ஆட்களிடம் கேட்டே தமிழ் பழகியவள். அக்கரையில் எந்த வேலையும் இல்லாமலே ஆசாரி ஞாயிறுதோறும் அக்கரைக்குப் போய்வந்தாராம். கோயிலில் முடியாது என்றுவிட்டார்கள். பெண்ணின் ஊராரும் இது நம் வழக்கமில்லை என்றார்கள். மிஞ்சியது எங்கள் பதிவேடு. பெண்ணை வளர்த்த அந்தத் தோணிக்கார மாமன் மூன்று மாதம் யோசித்து, நாள் பார்த்து, ஒருவழியாகச் சம்மதித்தார். அவர் பார்த்த நல்ல நாள், கச்சேரியில் ஒட்டிய கல்யாண அறிவித்தல் காலாவதியாகிற கடைசி நாளாக இருந்தது. அதற்குள் தோட்டத்தில் கோப்பி இலைகளில் நோய் கண்டு மஞ்சள் பொடி படர்ந்து, துரை தோட்டத்தையே மூடிவிட்டார். ஆசாரிக்கு அப்புத்தளையில் வேலை கிடைத்தது. கல்யாணத்துக்கு மறுநாள் விடியற்காலை வண்டி. கல்யாணக் கடதாசி இல்லாமல் பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்பமாட்டேன் என்று மாமன் சொல்லிவிட்டார்.

முறைப்படி கல்யாணம் பெண் வீட்டில், அக்கரையில்தான் நடக்கவேண்டும். ஆனால் ஐயா தோணியில் ஏறமாட்டார். அக்கரைக் கல்யாணங்களுக்கெல்லாம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைச் சுற்றி அரை நாள் பயணம் செய்தே போவோம். அந்த முறை அவர், பெண் வீட்டார் இக்கரைக்கு வரட்டும் என்று சொல்லியனுப்பினார். மாமனும் சரி என்றார். மூன்று மணிக்கு அவர்கள் வரவேண்டும். மத்தியானமே ஆறு பெருகிவிட்டது. மேலே எங்கோ பெய்த மழை. நாங்கள் துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது கலங்கல் நீர் மூங்கில் புதர்களை அரைவாசிக்கு மூடி ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் வண்ணச் சேலைகள் தெரிந்தன. பெரிய தோணியைக் கரையில் இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

"ஐயா, இன்னிக்கு நடக்கலேன்னா மறுபடி எப்ப வருவேன்னு எனக்கே தெரியாது" என்றார் ஆசாரி. எங்களை ஏற்றிவந்த வண்டிக்காரர் அக்குறணையைச் சேர்ந்த முஸ்லிம். அவர் ஆற்றைப் பார்த்துவிட்டு, "பாலத்தச் சுத்திப் போனா இருட்டி, மஹ்ரிபு தொழுகைக்குப் பொறகுதான் போய்ச் சேரலாம்" என்றார். அது உதவாது. சட்டப்படி மாலை ஆறு மணிக்குள் எழுதியாகவேண்டும்.

ஐயா ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். கடிகாரத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "பிழை என்ர. நான் தோணியிலை ஏறியிருந்தால் காலமையே எழுதி முடிச்சிருப்பம். சின்னனிலை என்ர தம்பியோட தோணியிலை போனனான். திரும்பி வந்தது நான் மட்டும்." எத்தனையோ மேடைகளில் சிரித்த முகத்தோடு நின்ற மனிதர் இப்படி ஒரு சுமையோடு நின்றிருக்கிறார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஐந்து மணிக்கு மழை விட்டது. அக்கரையில் யாரோ ஒரு சின்ன வள்ளத்தைக் கரையோரமாகவே மேல்நோக்கி இழுத்துப் போவது தெரிந்தது. வெகுதூரம் போய், அங்கிருந்து அதை ஆற்றில் விட்டார்கள். வள்ளம் குறுக்காக மிதந்து வந்தது. துடுப்புப் போட்டவர் நீரோடு மல்லுக்கு நிற்கவில்லை; நீர் தள்ளிய பக்கமெல்லாம் போய், அதே நேரத்தில் எங்கள் பக்கம் சாய்த்துக்கொண்டே வந்தார். ஆசாரிதான் முதலில் எழுந்து ஓடினார். வள்ளத்தில் இருந்தது மணப்பெண், தனியாக. சேலையை வரிந்து கட்டி, கழுத்து மாலையைப் பின்னால் முதுகுக்குத் தள்ளியிருந்தாள்.

"மாமாவுக்குக் கை நடுங்குது. எனக்கு நடுங்கல. அதனால துடுப்ப எங்கிட்டக் குடுத்தாரு" என்றாள். பிறகு ஐயாவைப் பார்த்து, "நேரம் இருக்குதா?" என்று கேட்டாள்.

"இருக்கு பிள்ளை, இருக்கு" என்று ஐயா எழுந்தார். அந்த உடம்பு அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை.

வள்ளத்தை மணலில் ஏற்றினோம். அதன் குறுக்குப் பலகையே அவர்களுக்குப் பொறுவை ஆயிற்று. இருவரும் அதில் ஏறி நின்றார்கள். ஐயா ஆசாரியைத் தமிழிலும் பெண்ணைச் சிங்களத்திலும் கேட்டார்; அவள் இரண்டிலும் சம்மதம் சொன்னாள். பெட்டியிலிருந்த நூலில் மஞ்சள் கிழங்கைக் கட்டி, ஆசாரி அவள் கழுத்தில் முடிந்தார். சுண்டுவிரல்களைக் கட்டவேண்டிய மாமன் அக்கரையில் நின்றார். ஐயா அந்தப் பக்கம் திரும்பிக் கைகூப்பி உத்தரவு கேட்பதுபோல நின்றார். அங்கே இரண்டு கைகள் உயர்ந்தன. அதன் பிறகுதான் ஐயா விரல்களைச் சேர்த்துக் கட்டி, வண்டிக்காரரின் செம்பால் ஆற்று நீரை மொண்டு வார்த்தார். நானும் வண்டிக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஐயா கடதாசியைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். அவ்வளவு தூரத்தில் அது யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் அக்கரையில் றபான் மேளம் முழங்கத் தொடங்கியது. வண்டிக்காரர் தம் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடுகளை அதட்டினார்; மாடுகள் சும்மாதான் நின்றன.

அன்றிரவு துறையிலேயே தங்கினோம். மறுநாள் காலையில் ஆறு வடிந்திருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் அக்கரை போய் ஒரு வாய் பாற்சோறு தின்றுவிட்டுக் கிளம்பட்டும் என்று ஐயாவே பேசி, அப்புத்தளை வண்டியை மத்தியானம்வரை நிறுத்தி வைத்தார். எங்களையும் அழைத்தார்கள். நான் ஐயாவைப் பார்க்கவில்லை. அவர் மறுப்பதைப் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது. பெண் வள்ளத்தில் நின்றுகொண்டு, "நான்தான் தள்ளப் போறேன் ஐயா, வாங்க" என்றாள். ஐயா சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்தார். "வாறன்" என்றார்.

அதன் பிறகு அவர் வேலையை விடும்வரை ஒரு தடவைகூட நாங்கள் பாலத்தைச் சுற்றிப் போகவில்லை. இன்று அந்தச் சரிவுகளில் தேயிலை. கோப்பிப் பூவை மாலையாகத் தொடுத்த காலத்தைச் சொன்னால் என் பேத்திகள் நம்பச் சிரமப்படுகிறார்கள். ஆனால் அந்தக் காலை எனக்கு நேற்றுப்போல இருக்கிறது. ஆற்றின் நடுவில் வள்ளம் சற்று ஆடியபோது ஐயா என் தோளை இறுகப் பிடித்தார்.

"தம்பி, நான் கண்ணைத் திறந்து வைச்சிருக்கிறன். இதையும் எழுதும்."

பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டம் கிடையாது. அதனால் அன்று எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்: ஐயாவின் கண்கள் திறந்திருந்தன. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.