வாரோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்களின் பூனை

கோச்சடையில் நாங்கள் குடியிருக்கும் காம்பவுண்டுக்குள் வரிசையாக மூன்று வீடுகள். முதல் வீட்டில் ஹவுஸ் ஓனர் இருக்கிறார். கடைசி வீட்டில் நானும் என் மனைவியும். நடு வீட்டில் ஒரு டீச்சர் குடும்பம் பல வருஷம் குடியிருந்தது. டீச்சருக்குப் பசுமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போவார்கள். அப்போது அவர்களுடைய பூனை கேட் வரைக்கும் கூடவே வந்துவிட்டுத் திரும்பிப் போய் வாசல்படியில் உட்காரும். சாம்பல் நிறம். வயிறும் நாலு பாதங்களும் மட்டும் வெள்ளை.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. பத்தாவது வரைக்கும் படித்தேன். பரவை மார்க்கெட்டில் ஒரு காய்கறி மண்டியில் எடை போடுகிறேன். அங்கே மற்ற எல்லோரும் கத்துவதால் நான் பேசாமல் இருப்பது யாருக்கும் தெரிவதில்லை. டீச்சர் குடும்பத்தோடும் இத்தனை வருஷத்தில் பெரிதாக ஒன்றும் பேசியதில்லை. எதிரே பார்த்தால் சிரிப்பேன், அவ்வளவுதான்.

டீச்சரின் கணவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. ஒரு நாள் மத்தியானம் நான் மண்டியிலிருந்து வந்தபோது லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் இரண்டு ரோஜாத் தொட்டிகளைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தார். போகிற அடுக்கு மாடி வீட்டில் இதற்கெல்லாம் இடமில்லை, அக்காதான் நன்றாகச் செடி வளர்ப்பார்களே என்று என் மனைவியிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பூனையப் பாத்துக்கங்கண்ணே. வாரோம்."

நான் சரி என்றேன்.

அவர்கள் வருவார்கள் என்றுதான் நினைத்தேன். சாமானெல்லாம் இறக்கி, வீட்டை ஒழுங்கு பண்ணி, ஒரு சனி ஞாயிறு பார்த்து வந்து பூனையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அதுவரைக்கும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை.

அடுத்தவர்கள் நம்பி ஒப்படைத்துவிட்டுப் போன பொருள் என்பதால் நான் மிகவும் கவனமாக இருந்தேன். அதன் இடத்தில் அது இருக்க வேண்டும், வந்து பார்க்கும்போது அங்கேயே இருக்க வேண்டும் என்று, நடு வீட்டு வாசல்படியிலேயே அதற்குச் சாப்பாடு வைத்தேன். காலையில் என் மனைவி பால் வைப்பாள். மத்தியானம் நான் சோற்றில் மீன் குழம்பைப் பிசைந்து ஒரு பழைய தட்டில் கொண்டுபோய் வைப்பேன். மண்டியிலிருந்து வரும் வழியில் கொஞ்சம் மத்தி மீன் வாங்கி வருவதும் வழக்கமாகிவிட்டது.

அந்தப் பூனை நான் நின்றால் சாப்பிடாது. தட்டை வைத்துவிட்டு எங்கள் வீட்டுக்குள் வந்து கதவைப் பாதி சாத்திக்கொண்டால்தான் எழுந்து தட்டுப் பக்கம் வரும். எனக்கும் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பாடு இறங்காது. அதனால் அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே இருவரும் பழகினோம் என்று சொல்லலாம். நான் வரும் நேரம் அதற்குத் தெரியும். என் வண்டிச் சத்தம் கேட்டால் காதை மட்டும் என் பக்கம் திருப்பும். முகம் பூட்டின கதவைப் பார்த்தபடியேதான் இருக்கும்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் கேட்டில் போய் உட்காரும். டீச்சர் ஸ்கூட்டரில் திரும்பி வருகிற நேரம் அது. தெருவில் வருகிற ஒவ்வொரு ஸ்கூட்டரையும் பார்க்கும். வண்டி கடந்து போனதும் அடுத்த வண்டியைப் பார்க்கும். என் மனைவி அதைப் பார்க்க முடியாமல் உள்ளே வந்துவிடுவாள்.

ஒரு சாயங்காலம் பெரிய மழை. நடு வீட்டு வாசலில் சாரல் அடிக்கும். பூனை நனைந்துபோய் எங்கள் வாசலில் வந்து நின்றது. அதுவரைக்கும் அது எங்கள் பக்கம் வந்ததே இல்லை. உள்ளேயும் வரவில்லை, நிலைப்படிக்கு வெளியே நின்று என்னைப் பார்த்தது. நான் துண்டை எடுத்துத் துவட்டிவிட்டேன். முதல் தடவையாக அப்போதுதான் அதைத் தொட்டேன். மயிருக்குள்ளே உடம்பு இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மழை விடும்வரை கட்டிலுக்கு அடியில் இருந்தது. மழை விட்டதும் நான் அதைத் தூக்கிக்கொண்டு போய் நடு வீட்டுப் படியில் விட்டேன்.

"இங்கனயே கெடந்துட்டுப் போகட்டுமே, ஏங்க?" என்றாள் என் மனைவி.

வந்தால் தேடுவார்கள் என்றேன்.

மாதங்கள் போயின. ரோஜாத் தொட்டி ஒன்றில் மொட்டு வந்து பூத்தது. அதை என் மனைவி தலையில் வைத்துக்கொண்டாள். டீச்சர் வரவில்லை.

ஒரு நாள் ஹவுஸ் ஓனர் பெயிண்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஓனருடையது இந்தப் பக்கத்தில் வயல் வைத்திருந்த பழைய குடும்பம். வயலெல்லாம் வீடாகிவிட்டாலும் வரப்பில் நின்று கூப்பிடுகிற குரல் அவருக்கு இன்னும் மாறவில்லை. முறையெல்லாம் பார்க்க மாட்டார், ஆண்பிள்ளையாக இருந்தால் எல்லோரும் அவருக்கு மாப்ளதான். என்னைக் கூப்பிட்டு, நடு வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள் என்று சொன்னார். பிறகு படியில் இருந்த பூனையைக் காட்டினார். பால் காய்ச்ச வருகிறவர்கள் அதையெல்லாம் ரொம்பப் பார்க்கிறவர்களாம். வாசலில் கால் வைக்கிற நேரத்தில் பூனை குறுக்கே வந்துவிட்டால் வீடே வேண்டாம் என்று போய்விடுவார்களாம்.

"நீதான் தெனமும் பரவைக்குப் போறவன். ஒரு சாக்குல போட்டு வண்டியில வச்சுக் கொண்டு போயி மார்க்கெட்டுல விட்டுரு மாப்ள. அங்க என்ன, எலிக்கா பஞ்சம்? பொழச்சுக்கிரும்."

நான் சரி என்று தலையாட்டினேன். அது என் பழக்கம். யார் எதைச் சொன்னாலும் முதலில் வாயில் வருவது சரிதான்.

ஆனால் மார்க்கெட்டில் விடப்பட்ட பூனைகளை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் பால் குடித்து வளர்ந்த பூனை அங்கே எலி பிடிக்காது. லாரிகள் வந்து நிற்கிற சத்தத்தில் மூட்டைகளுக்கு நடுவில் போய் ஒடுங்கிக்கொள்ளும். கூப்பிட்டாலும் வராது. சில நாள் அங்கே இரண்டு கண் தெரியும். அப்புறம் தெரியாது.

வீட்டுப் பக்கம் நாலு எட்டு நடந்து போனவன் திரும்பி வந்து, "அவுங்க வாரோம்னு சொல்லிட்டுப் போனாங்கண்ணே" என்றேன்.

ஹவுஸ் ஓனர் புரியாமல் பார்த்தார். யார் என்று கேட்டார். டீச்சர் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெயிண்டரும் பிரஷ்ஷை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஏன் மாப்ள, வீட்டக் காலி பண்ணிட்டுப் போறவுக பின்ன போறோம்னா சொல்லுவாக? எழவு வீட்டத் தவிர எங்கேயும் வாரேன்னுதான சொல்றோம். நேத்து கேஸ் சிலிண்டர் போட வந்தவன் கூட வாரேன்னுட்டுத்தான் போனான். அவனுக்கு எல போட்டு வச்சுருக்கியா?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. இதே ஊரில் பிறந்து வளர்ந்தவன். என் வாழ்நாளெல்லாம் எத்தனையோ பேரிடம் வாரேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதில் பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்பப் போனதில்லை. அந்தப் பூனைக்காக மட்டும் அந்த வார்த்தையை அப்படியே நம்பியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஹவுஸ் ஓனரிடம் போய் டீச்சருடைய நம்பரை வாங்கி வந்தாள். போனில் பேசுவது எனக்கு நேரில் பேசுவதைவிடக் கஷ்டம். அவளே போட்டு, நலம் விசாரித்து, ஸ்பீக்கரில் வைத்து என் முன்னால் நீட்டினாள்.

"டீச்சர், பூனைய எப்ப வந்து எடுத்துக்கிருவீங்க?"

நான்தான் கேட்டேன்.

"எடுத்துக்கவா? அண்ணே, அத உங்களுக்குத்தானண்ணே விட்டுட்டு வந்தோம். தொட்டியையும் பூனையையும் ஒண்ணாத்தான சொன்னேன்."

அவர் வேகமாகப் பேசிக்கொண்டே போனார். அங்கே வளர்க்க விட மாட்டார்களாம். ஆளை நம்புவது நாய்தான், பூனை வீட்டைத்தான் நம்பும் என்று எல்லோரும் சொன்னார்களாம். அறிமுகமில்லாத ஊருக்குக் கொண்டுபோய் அது எங்கேயாவது ஓடிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தாராம். பக்கத்து வீட்டு அண்ணன் சரி என்று சொல்லிவிட்டார், அதனால் கவலையில்லை என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறாராம்.

"சாப்பிடுதாண்ணே?"

"சாப்பிடுது டீச்சர்."

"உங்க வீட்டுல எங்க படுத்துக்குது?"

"வாசல்ல" என்றேன். யார் வீட்டு வாசல் என்று சொல்ல வரவில்லை.

டீச்சர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, வச்சிர்றேண்ணே என்று சொல்லி வைத்துவிட்டார்.

என் மனைவி போனை அணைத்துக் கட்டிலில் வைத்தாள். "இம்புட்டு நாளா நம்ம பூனைக்கு அடுத்த வீட்டு வாசல்ல சோறு வச்சுருக்கோம்" என்றாள்.

அவர்கள் எங்களிடம் கொடுத்துவிட்டதாக நினைத்திருக்கிறார்கள். நான் அது அவர்களுடையது என்று நினைத்திருக்கிறேன். இடையில் அந்த ஜீவன் யாருடையதாகவும் இல்லாமல் பூட்டின வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தது. மழைக்கு ஒதுங்க வந்ததையும் திருப்பிக் கொண்டுபோய் விட்டேன்.

அன்றே தூக்கி வந்து எங்கள் வீட்டுக்குள் விட்டோம். நிற்கவில்லை. கதவு திறந்ததும் ஓடிப்போய்ப் பழைய படியில் உட்கார்ந்துகொண்டது. மறுபடியும் தூக்கி வந்தோம், மறுபடியும் போய்விட்டது. சாப்பாட்டை எங்கள் வாசலில் வைத்தால் தட்டு அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமை வந்துகொண்டே இருந்தது. ஹவுஸ் ஓனர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சாக்கு கிடைத்ததா என்று கேட்டார். நான் தலையை ஒரு மாதிரி ஆட்டிவிட்டுப் போய்விடுவேன். அது ஆமாம் மாதிரியும் இருக்கும், இல்லை மாதிரியும் இருக்கும். நானும் அவருடைய வீட்டில் வாடகைக்கு இருப்பவன்தானே.

வியாழக்கிழமை பெயிண்டர் நடு வீட்டு வாசலைக் கழுவிவிட்டார். படியில் கிடந்த தேங்காய் நார் மிதியடியைத் தூக்கிக் குப்பையில் போட்டிருந்தார். டீச்சர் வீட்டில் இருந்த காலத்திலிருந்து பூனை படுத்துப் படுத்து நடுவில் குழி விழுந்த மிதியடி. நாரெல்லாம் சாம்பல் மயிர். அதை எடுத்து, உதறாமல், எங்கள் வீட்டுக் கதவுக்கு உள்பக்கம் போட்டேன். பூனை கழுவின படியை மோந்து பார்த்தது. அதில் இப்போது பெயிண்ட் வாடையும் பினாயில் வாடையும்தான். நெடுநேரம் அங்கேயே சுற்றியது. நான் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டேன், வேண்டுமென்றே அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது அது மிதியடியின் மேல் நின்று, முன்னங்கால்களால் நாரைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. என் மனைவி பேசாதீர்கள் என்று கையைக் காட்டினாள். என்னிடம் அவள் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை மண்டிக்கு லீவு சொன்னேன். காலையிலேயே புதுக் குடித்தனக்காரர்கள் வந்துவிட்டார்கள். வாசலில் கோலம், நிலையில் மாவிலை, புது அடுப்பு, கையில் பால் பாத்திரத்தோடு ஒரு அம்மா. ஹவுஸ் ஓனர் கேட்டிலிருந்து அவர்களை அழைத்துக்கொண்டு வரும்போது எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தார். என் காலுக்குப் பின்னால் மிதியடியில் பூனை இருந்தது. அவர் நின்றுவிட்டார்.

"என்ன மாப்ள, இன்னும் கொண்டு போயி விடலையா?"

வந்திருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை கண்களும் என் மேல். வாயில் சரி என்ற வார்த்தைதான் வந்து நின்றது. அதை விழுங்கினேன்.

"அது எங்க வீட்டுப் பூனைண்ணே" என்றேன். நான் நினைத்ததைவிடக் குரல் பெரிதாக வந்துவிட்டது. "மார்க்கெட்டுல விட முடியாது."

ஹவுஸ் ஓனர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். என்னிடமிருந்து முடியாது என்ற வார்த்தையை அவர் அதுவரைக்கும் கேட்டதில்லை.

"ஒன் வீட்டுப் பூனைன்னா மொதல்லயே சொல்றதுக்கென்னய்யா" என்றார்.

எனக்கே இப்போதுதான் தெரியும் என்று சொல்ல நினைத்தேன்.

பால் பாத்திரம் வைத்திருந்த அம்மா தயங்கி நின்று, பூனை வெளியே வந்துவிடாதில்லையா தம்பி என்று கேட்டார். வராதும்மா, நான் நிற்கிறேன் என்றேன். கதவை மூடியிருக்கலாம். ஆனால் மூடின கதவுக்குள்ளே அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு வழியை மறித்து நின்றேன்.

அவர்கள் ஒவ்வொருவராக வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார்கள். மணிச் சத்தமும் சாம்பிராணி வாசனையும் வந்தன. அப்போது கெண்டைக்காலில் ஏதோ பட்டது. பூனை தலையை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தது. ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம். பிறகு என் குதிகாலோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டது. இளஞ்சூடாக இருந்தது.

நடு வீட்டில் பால் பொங்கிவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். பூனை குறுக்கே வந்துவிடுமோ என்று இனிமேல் யாரும் பயப்பட வேண்டியதில்லை.

"இன்னும் எதுக்கு அங்கனயே நிக்கிறீங்க? உள்ள வாங்க, காப்பி ஆறுது" என்றாள் என் மனைவி.

கொஞ்சம் பொறு என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, காலை அசைக்காமல் அப்படியே நின்றேன்.